விழத் தெரியாத பிள்ளை

இரண்டு முறை கரு கலைந்த பிறகு பிறந்தவன் சரத். அதனாலேயே உமாமகேஸ்வரி அவனைக் கீழே இறக்கிவிடவே பயந்தாள். சிங்கப்பூர் தோ பாயோவில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழிருந்த விளையாட்டுத் திடலில் மற்ற பிள்ளைகள் கயிற்று வலையில் ஏறித் தொங்குவார்கள். சரத் அம்மாவின் கையைப் பிடித்தபடி வேடிக்கை பார்ப்பான்.

ஏழாவது பிறந்தநாளுக்கு அவன் அப்பா ரகுபதி சைக்கிள் வாங்கி வந்தார். முதல் நாளே விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். ரத்தத்தைப் பார்த்ததும் உமா அவனை அள்ளித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

"விழுந்தா எழுந்திருச்சிட்டுப் போறான் லா. ஏன் இப்படிப் பதறுற?" என்றார் ரகுபதி.

"உங்களுக்கென்ன, பெத்தவளுக்குத்தான் தெரியும்."

மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் சைக்கிளைப் பக்கத்து வீட்டு முனீராவின் மகனுக்குக் கொடுத்துவிட்டாள். சரத் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லிப் பூரித்துப்போனாள். பள்ளியில் நீச்சல், முகாம் என்று எது வந்தாலும் ஒரு காரணம் சொல்லித் தடுத்தாள். தேக்கா சந்தைக்குப் போகும்போது, அவளைவிட உயரமாக வளர்ந்த பிறகும், சாலையைக் கடக்க அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கட்டாய ராணுவப் பயிற்சியான தேசிய சேவைக்கு அவனுக்கு அழைப்பு வந்தது. அங்கே அவள் கூடப் போக முடியாது.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், தட்டில் போட்டதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஒரு சுவர் இருக்கும்மா. ஏறி அந்தப் பக்கம் குதிக்கணும். ரொம்ப உயரம்கூட இல்ல. மேல ஏறிட்டேன், குதிக்க முடியல. எல்லாரும் கீழ நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. சார்ஜன்ட் வந்து தூக்கி இறக்கினாரு." தட்டைத் தள்ளி வைத்தான். "எனக்கு விழத் தெரியலம்மா."

அவன் குரலில் கோபம் இல்லை. ரகுபதி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

சில வாரம் கழித்து முகாமிலிருந்து போன் வந்தது.

"என்னைச் சாமான் வைக்கிற ஸ்டோருக்கு மாத்திட்டாங்கம்மா. சேஃப்பான வேலைதான். பயப்படாத."

இப்படி ஒரு வேலை அமைய வேண்டுமென்று பெருமாள் கோயிலில் வேண்டிக்கொண்டவள்தான் அவள். சந்தோஷம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"அம்மா, இருக்கியா?"

"அந்தச் சுவர்ல இன்னொரு தடவை ஏறிப் பாரேன்பா," என்றாள்.



"இனிமே என்னை யாரும் ஏறச் சொல்ல மாட்டாங்கம்மா," என்றான் சரத்.