தாய்மாமன் இல்லாத ஜேபிஜி

கோரிப்பாளையத்தில் எனக்கு பேனர் கடை. நாளைய காதுகுத்துக்கான டிசைனை இன்று முடித்ததும், இடத்தை அடைக்கிறதே என்று ஒவ்வொரு போட்டோவும் தனித்தனி லேயராக இருந்த பிஎஸ்டி ஃபைலை அழித்துவிட்டு, ஜேபிஜியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

சற்று முன் குழந்தையின் அப்பா போனில் வந்தார்.

"அண்ணே, என் மச்சினன் போட்டோ விட்டுப்போச்சு. அவரே பாக்க வாராரு. அதுக்குள்ள நடுவுல வச்சுருங்க."

தாய்மாமன் இல்லாத காதுகுத்து பேனர். ஜேபிஜியில் எல்லோரும் ஒரே படமாக ஒட்டிப்போயிருந்தார்கள். நடுவில் நிற்கும் பெரியப்பாவை இம்மியும் நகர்த்த முடியாது.

வாசலில் பைக் நின்றது. இறங்கி வந்த தாய்மாமன் ஸ்கிரீனை நிதானமாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. நான் எங்க?"

"டீ சொல்லிட்டு வாரேண்ணே" என்று நழுவி, பின்சந்தில் நின்று இதை எழுதுகிறேன்.

பிஎஸ்டியை அழிக்காத புண்ணியவான்களே, கடைக்குள் எப்படித் திரும்பிப் போவது?