சாரை என்று சொல்லிவிடலாம்

என் தங்கையைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் வீட்டில் எல்லோரும் அவரவர் தகுதிக்கேற்ற வேலையில் இறங்கினார்கள். அம்மா கேசரி கிளறினாள். என் மனைவி திரைச்சீலை மாற்றினாள். நிறையப் படித்தவன் என்று பெயரெடுத்திருப்பதால் எனக்குச் செருப்பு ஸ்டாண்டைத் துடைக்கும் வேலை. கீழ்த்தட்டிலிருந்த பழைய ஷூவை எடுக்கக் குனிந்தேன். அதன் பின்னாலிருந்து ஒரு நல்ல பாம்பு எழுந்து, படமெடுத்து, என்னைப் பார்த்தது. எங்கள் வீட்டில் என்னைக் கண்டு எழுந்து நின்றது அது ஒன்றுதான்.

நான் அலறவில்லை. அலறியதாகப் பக்கத்து வீட்டில் சொல்வார்கள். கடலூரில் எதையும் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் சொல்வார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் பாம்பு வெறும் பாம்பு. தங்கைக்கோ ஜாதகத்தில் நாகதோஷம், ஏழாமிடத்தில் ராகு. அதைக் காரணம் காட்டியே வந்த வரன்கள் எல்லாம் கேசரியோடு திரும்பிப் போயிருந்தன. பரிகாரமெல்லாம் முடிந்துவிட்டது என்று கெஞ்சி, இந்த மாப்பிள்ளையின் அம்மாவை அரைமனதாகச் சம்மதிக்க வைத்திருந்தோம். அந்த அம்மாள் காரிலிருந்து இறங்கும்போது வாசலில் நல்ல பாம்பு இருந்தால், தோஷமே நேரில் வந்து பன்னீர் தெளித்த மாதிரி ஆகிவிடும்.

"உன்னத் தேடி வர்றது இது ஒண்ணுதான்டி," என்றாள் அம்மா, உள்ளறையிலிருந்த தங்கையிடம்.

தங்கை சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கரும்புக் கொல்லையிலும் வரப்பிலும் கடிபட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே வயது ஏறியவள். பாதி தலை பின்னியபடி வந்து, "யாரும் கிட்ட போவாதீங்க. கல்லு, கம்பு ஒண்ணும் எடுக்காதீங்க. தள்ளி நின்னு அது எங்க போவுதுன்னு மட்டும் பாருங்க. புடிக்கிறவருக்குப் போன் போடறேன்," என்றாள். தன்னுடைய கல்யாணத்துக்கு அவள் செய்த ஒரே ஏற்பாடு அதுதான்.

பாம்பு பிடிப்பவர் தொப்பையும் யூடியூப் சேனலும் வளர்த்து வந்தவர். தெருக்கோடி நிழலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்ததும் என்னிடம் போனைக் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னார். "ஆட்டாதீங்க சார்," என்றார். ஒரு பிளாஸ்டிக் பைப்பின் நுனியில் துணிப்பையைக் கட்டி, அதைச் சுவரோரமாக வைத்து, கொக்கிக் கம்பியால் லேசாக ஒதுக்கிவிட்டார். இருட்டான பொந்து என்று நம்பிப் பாம்பு தானே உள்ளே போயிற்று. அவர் பையை முடிச்சுப் போட்டு ஒரு வாளிக்குள் வைத்தார்.

அப்போதுதான் மச்சான் முன்னால் வந்தார். என் மனைவியின் அண்ணன்; பண்ருட்டியில் முந்திரித் தரகர். இரண்டாம் தரத்தை முதல் தரமென்று விற்றே மாடி எழுப்பியவர்.

"இது சாரைதானே?"

"நல்ல பாம்புங்க. படமெடுத்துச்சே, பாக்கல?"

"படமெடுக்காதப்ப?"

"அப்ப நெறைய பேரு சாரைன்னுதான் நெனைப்பாங்க. தல, கண்ணு எல்லாம் வேறங்க. பாக்கத் தெரியணும்."

"அவுங்களுக்குத் தெரியாது. பைக்குள்ள இன்னா படமெடுக்கப் போவுது? சாரைன்னு சொல்லிடலாம். பொண்ணு வாழ்க்க, தம்பி."

பாம்பு பிடிப்பவர் தோளைக் குலுக்கினார். அதற்குள் தெருவில் கார் திரும்பியது. "பாத்துக்குங்க சார், வண்டிய எடுத்தாந்துடறேன்," என்று வாளியை என் காலடியில் விட்டுவிட்டு அவர் தெருக்கோடிக்கு நடந்தார்.

மாப்பிள்ளையின் அப்பா முதலில் இறங்கினார். கரும்பு விவசாயி. கண் நேராக வாளிக்குத்தான் போயிற்று.

"இன்னாது பையில?"

"சாரைங்க. சும்மா சாரை," என்றார் மச்சான். "எலிய தின்னும். இவரு புக்கெல்லாம் படிச்சவரு, கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு மாதிரித் தலையை ஆட்டினேன். நான் படித்த அத்தனை புத்தகமும் அந்த ஆட்டலில் அடங்கிவிட்டது.

"சாரையா!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம கொல்லையில வாலப் புடிச்சு சுத்துவேன். டேய், இங்க வா, போட்டோ எடு." மகனைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் குனிந்து பையின் முடிச்சில் கை வைத்தார். உள்ளே சீறியது.

மச்சான் வானத்தைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் முடிச்சைப் பார்த்தேன். ஒரு பக்கம் அந்த மனிதரின் கை, மறுபக்கம் முகூர்த்தம். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று நாங்கள் மூவரும் நாகரிகமாகக் காத்திருந்தோம்.

"மாமா, கைய எடுங்க. அது நல்ல பாம்பு."

தங்கை பட்டுப்புடவையில் வாசற்படியில் நின்றாள். மாமா என்று கூப்பிடும் உரிமை அன்று மாலைக்குள் கிடைத்திருக்க வேண்டியது. அவள் கொஞ்சம் முன்கூட்டியே எடுத்துக்கொண்டாள்.

அவர் துள்ளி விழுந்ததில் ஒரு செருப்பு வாளிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வந்த பாம்பு பிடிப்பவர்தான் அதை எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தார், கேசரியை முழுவதும் சாப்பிட்டார், நெய் சரியாக இருப்பதாகச் சொன்னார். பிறகு தங்கையை மேலும் கீழும் பார்த்து, "ஏழாம் எடத்துல இருந்தது எறங்கி வாசலுக்கே வந்துடுச்சே," என்றார். மாப்பிள்ளை முகத்தில் போட்டோ கிடைக்காத வருத்தம் மட்டும் தெரிந்தது.

கார் போனதும் எங்கள் முறை.

"அவரு கைதான? உன் கையா?" என்றாள் அம்மா.

"கடிச்சிருந்தாதான் இன்னா? ஊசி போட நீ இருக்க," என்றார் மச்சான். "மாமனார் உசுரக் காப்பாத்துன மருமவளா ஆயிருப்ப. காரியம் கெட்டுது."

தங்கை பாம்பு பிடிப்பவரிடம், "எங்க விடுவீங்க?" என்று கேட்டாள்.

"பக்கத்துலயே, ஆளு நடமாட்டம் இல்லாத எடமாப் பாத்துதான். ரொம்பத் தூரம் கொண்டுபோயி விட்டா பொழைக்காதுங்க. பழகுன எடம் வேணும் அதுக்கு."

அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றி, பூவை எடுத்து சாமி படத்துக்குப் போட்டுவிட்டு, டூட்டிக்கு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டாள்.

மாலையில் பெண்ணாடத்துக்காரரே போன் செய்தார். "உங்க தங்கச்சி எனக்கு உசுரு குடுத்த தெய்வம் சார். சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்," என்றார். நான் நெகிழ்ந்துபோய் அம்மாவைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். பின்னாலிருந்து ஒரு பெண்குரல் ஏதோ அதட்டியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாக்கியத்தை முடித்தார்.

"வேற எடத்துல."