கழுவி நட்ட அரிவாள்

என் தம்பியை வெட்டிய அரிவாளைக் கோயில்காரர்கள் மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள். கழுவி, குங்குமம் வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி, மற்ற ஆறு அரிவாள்களோடு முனீஸ்வரன் முன்னால் திரும்ப நட்டுவிட்டார்கள். போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்குப் பெயர் பக்தியாம். நான் வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் எங்கள் பழைய தோட்டம். ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து கூடுவோம். நானும் தம்பியும் ஈப்போ குனோங் ராபாட்டில் இருக்கிறோம். நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். அவன் வெல்டராக இருந்தான்.

அன்று மதியம் கார் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை. அன்னதானக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்ற எங்கள் காரை எடுக்கச் சொன்னான் கோயில் தலைவரின் மகன். தம்பி மறுத்தான். பேச்சு முற்றியதும் தலைவர் மகன் ஓடிப்போய்ச் சாமி முன்னால் நட்டிருந்த அரிவாளைப் பிடுங்கி வந்து வெட்டினான். தம்பி வலது கையால் தடுத்தான். நான் மற்ற பெண்களோடு சமையல் பக்கம் இருந்தேன். சத்தம் கேட்டு வந்தபோது தம்பி காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சிமெண்டுத் தரையெல்லாம் ரத்தம்.

அவனை மருத்துவமனையில் சேர்த்து, போலீஸில் ரிப்போர்ட் கொடுத்து, ஒரு மலாய்க்கார சார்ஜனோடு திரும்பி வந்தேன். தரை பளிச்சென்று இருந்தது. ரப்பர் குழாய் போட்டுக் கழுவியிருந்தார்கள். தம்பி கால் தடுக்கிச் சாமி அரிவாள் மேல் விழுந்துவிட்டான் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். கோயில் தலைவர் சார்ஜனுக்குக் கலர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

சார்ஜன் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் சாமி பக்கம் போனார். எந்த அரிவாள் என்று கேட்டார். யாரும் அடையாளம் காட்டவில்லை. அப்படியானால் ஏழு அரிவாளையும் எடுக்க வேண்டும் என்றார். சாமி பொருளைத் தொடத் தயங்கி, பூசாரியையே பிடுங்கித் தரச் சொன்னார். பூட்ஸைக் கழற்றத் தெரிந்த மனுசருக்குக் கையுறை போடத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மஞ்சள் நாடா கட்டினார். சோற்றுப் பானை நாடாவுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது. பெண்கள் நாடாவைத் தூக்கிவிட்டுப் போய்ச் சோறு அள்ளினார்கள்.

பூசாரி எனக்கு மாமா முறை. ஏன் கழுவினீர்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"ரத்தத்தோட சாமி முன்னால விட்டு வைக்கச் சொல்றியா?"

"ஆமா மாமா. விட்டு வைச்சிருக்கணும்."

"சீரியல் பாத்துட்டு வந்து சிஐடி மாதிரி பேசாதலா."

பிறகு விசாரணை அதிகாரி எனக்குப் பொறுமையாக விளக்கினார். ரத்தம் கார் பக்கம் கிடந்திருந்தால், சாமி அரிவாள் மேல் விழுந்தான் என்ற கதை அங்கேயே செத்திருக்கும். கைப்பிடியில் ரேகை இருந்திருக்கும். இப்போது மிச்சம் இருப்பது தம்பியின் சட்டை ஒன்றுதான். அவன் வெட்டுப்பட்டதை அது சொல்லும், வெட்டியது யார் என்று சொல்லாது. சாட்சி கிடைத்தால் பார்க்கலாம் என்றார்.

அவ்வளவு கூட்டத்தில் ஒரு சாட்சி கிடைக்கவில்லை.

தம்பிக்கு மூன்று விரல் மடங்காது. அதைக் கேட்க ஒருத்தரும் வரவில்லை. அடுத்த திருவிழா நெருங்கியதும் பூசாரி மாமா வீட்டுக்கு வந்தார். அரிவாள்கள் இன்னும் ஸ்டேஷன் ஸ்டோரில் கிடக்கின்றன, நான் ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கி மீட்டுக்கொண்டால் கிடைத்துவிடும் என்றார். சாமி வெறுமனே நிற்கிறதாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. என் தம்பி கையைப் பார்த்து அந்தக் கண் கலங்கவில்லை.

"எந்த அரிவாளு, யார் புடிச்சான்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க மாமா. அப்புறம் பேசலாம்."

அவர் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். கதவைச் சாத்தினேன். தம்பி பின்னால் நின்றிருந்தான்.

"ரிப்போர்ட்ட மீட்டுக்கோக்கா. சாமி பொருளு. போலீஸ் ஸ்டோர்ல கெடக்கிறது நல்லாவா இருக்கு?"

அவன்தான் இதைச் சொன்னான். வெட்டுப்பட்டவன்.

முடியாது என்றேன். திருவிழா அன்று அவன் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து தோட்டத்துக்குப் போய்விட்டான். நான் போகவில்லை. ரிப்போர்ட்டையும் மீட்கவில்லை. யாருக்காக வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். தெரியாது. மீட்க மாட்டேன்.