பச்சை விளக்குக்காக ஊர்ந்த லாரி

செயற்கைக்கோள் வேலை என்றால் எல்லோரும் வானத்தைப் பார்க்கிறார்கள். எங்கள் வேலை முழுக்க ரோட்டைப் பார்ப்பதுதான். பன்னிரண்டாவதோடு படிப்பு போதும் என்று திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு வந்து செயற்கைக்கோள் செய்யும் இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். பொறுமையில்லாதவர்களே, என் பேஜாரு உங்களுக்குத்தான் புரியும்.

துடை, மறுபடி துடை

வயலையும் ஏரியையும் மேலேயிருந்து படம் எடுக்கிற சின்னச் செயற்கைக்கோள் அது. பெட்டியில் வைக்கும் முன் தூசு துடைக்கச் சொன்னார் இன்ஜினியர் சாந்தி அக்கா. துடைத்தேன். மறுபடி என்றார். "சாமி சிலையக்கூட இவ்ளோ துடைக்க மாட்டாங்கக்கா" என்றேன்.

அக்கா சொன்னார்: "சாமிக்கு ஒண்ணுன்னா கிட்டப் போய்ப் பார்க்கலாம்டி. இது மேல போய்ட்டா ஒரு ஸ்க்ரூ முடுக்கக்கூட யாரும் போக முடியாது."

ஒலக்கூரில் டீ

தெற்கே கடற்கரையில் ராக்கெட் காத்திருந்தது. பெட்டிக்குள் ஒரு மீட்டர். வண்டி பலமாகக் குலுங்கினால் சிவப்பு விளக்கு எரியும், இல்லாவிட்டால் பச்சை. சிவப்பு எரிந்தால் மறுபடி சோதிக்கச் சென்னைக்கே திரும்பணும். ராக்கெட் எங்களுக்காக நிற்காது. அதனால் டிரைவர் கரீம் பாய் லாரியை உருட்டிக்கொண்டு போனார். கோட்டக்குப்பத்துக்காரர், துபாயில் லாரியைப் பறக்கவிட்டவராம்! ஒலக்கூரில் டீக்கு நிறுத்தியும் பெட்டியின் ஏசியை அணைக்கவில்லை. "உள்ள இன்னா?" என்றார் டீக்கடைக்காரர். செயற்கைக்கோள் என்று உண்மையைச் சொன்னேன்.

"நம்பிட்டேன். ரெண்டு கப் வெனிலா எடு பாப்பா" என்றார்.

காணையில் மல்லாட்டை

விழுப்புரத்தில் பாலம் வேலை என்று காணைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அங்கே நல்ல பாதி ரோட்டில் மல்லாட்டை காய்ந்தது, வேர்க்கடலைதான். மிச்சப் பாதி முழுக்கக் குழி. இறங்கினால் சிவப்பு. பாய் நிறுத்திவிட்டார். "ஜல்தியா இத வாருங்க!" என்று கத்தினேன். மல்லாட்டைக்காரம்மா துடைப்பத்தை நீட்டினார். "ஏன் கத்திக்கினு நிக்கற? வாரு."

நானும் அக்காவும் வாரினோம். என்ன வண்டி இது என்று அந்தம்மா கேட்டார். உள்ளே இருப்பது வானத்துக்குப் போய் நிலத்தையெல்லாம் படம் எடுக்கும் என்றேன்.

"அப்ப மொதல்ல இந்தக் குழியப் படம் எடுத்து கலெக்டருக்கு அனுப்பு."

காலி வண்டி

இறக்குமிடத்தில் பெட்டியைத் திறந்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டார். "நீயே பாருடி." பச்சை! நான் குதித்தேன், அக்கா அழுதார், பாய் எல்லோருக்கும் ஜூஸ் வாங்கினார். திரும்பும்போது காலி லாரி. ஆனால் அதே வேகம்! "பாய், உள்ள ஒண்ணுமில்ல, மிதிங்க!" என்றேன்.

"மிதிக்கத்தாம்மா பாக்கறேன், கால் பயப்படுது" என்றார் பாய்.

விண்வெளிக்குப் போகிற பொருளைப் பத்திரமாகச் சேர்த்துவிட்டு ஊர் திரும்பிய எங்களை, விழுப்புரத்துக்கு முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் ஓவர்டேக் பண்ணிப் போனது.