பெட்டைத் தவளையோடு ராஜபாளையத்துக்கு

“இந்தப் பெட்டைய எந்தக் கடைல வாங்குன?” என்று ஜெயராஜ் அண்ணன் அன்று மூன்று முறை கேட்டார். மதுரையில் என் அறைத் தொட்டியில் முட்டையிலிருந்து வந்தவள் அவள் என்று நான் சொல்லவில்லை. சிரித்து வைத்தேன்.

ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. உள்ளங்கை நிறைய உட்காரும். முட்டையிடும் பருவம் வந்துவிட்டது. என்னிடம் இருந்த ஆண்கள் எல்லாம் அவளோடு பிறந்தவை, சேர்க்கக் கூடாது. வேறு வம்சத்து ஆண், போனில் மட்டுமே பேசியிருந்த ராஜபாளையத்து ஜெயராஜ் அண்ணனிடம் இருந்தது. அவர் ராஜபாளையம் நாய்கள் வளர்ப்பவர், தவளை இரண்டாம் ஆசை. “பெட்டையத்தான் ஆண் இருக்குற வீட்டுக்குக் கொண்டாரணும்மா, அதான் மொறை” என்றார் போனில். மழைக்காலம் போனால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மதுரையில் காலை ஆறு மணிக்குப் பேருந்து, இரண்டு மணி நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே இறங்கி டப்பாவின் ஈரத்துணியை மாற்றினேன், அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். ராஜபாளையம் அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் நடத்துநர் டப்பாவைப் பார்த்தார்.

“உள்ள என்னம்மா?”

“தவளை.”

“ஆணா, பொண்ணா?”

“பொண்ணு.”

“அப்ப அதுக்கும் டிக்கெட் கெடையாது, உக்காருங்க.”

அண்ணன் வீட்டில் மழைப்பெட்டி தயாராக இருந்தது. பிளாஸ்டிக் தொட்டி, சின்ன மோட்டார், மேலே துளையிட்ட குழாய். அவளை உள்ளே விட்டு, மழைபோல நீர் தூவத் தொடங்கியதும் ஆண் கரகரத்தது. மாலை நான்கு மணிக்குள் அவள் முதுகில் ஏறி அக்குளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“சேந்தாச்சு. செத்த நேரத்துல பிரிச்சுத் தாரேன், ஆறு மணி பஸ்ஸப் பிடிச்சிரலாம்” என்று அண்ணன் தொட்டிக்குள் கையை விட்டார். நாய்க்கு அதுதான் வழக்கம். சேர்ந்த பிறகு பெட்டை ஊருக்குத் திரும்பிவிடும்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். முன்பின் பழகாத ஒருவர் கையை அப்படிப் பிடித்தது அதுவே முதல் தடவை.

“அண்ணே, இது நாய் இல்ல. முட்டை வெளிய வந்த பொறவுதான் ஆண் அதுமேல விந்து விடும். இப்பப் பிரிச்சா ஒண்ணும் பொரிக்காது.”

அவர் முகம் இறுகியது. சமையலறையிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். “அந்தப் பிள்ள வெவரமாத்தான சொல்லுது. கைய எடுங்க. எல்லாத்தையும் நாயாவே நெனச்சா?”

அவர் கையை எடுத்தார். “அப்ப எம்புட்டு நேரம் ஆகும்?”

“விடியுற வரைக்கும் ஆகலாம்.”

என் தவளையை ஓர் இரவு வேறொருவர் வீட்டில் விட்டதில்லை. ஆனால் பேருந்தில் கொண்டு போனால் குலுக்கலில் ஆண் பிடியை விட்டுவிடும். மோட்டாரை நிறுத்த வேண்டாம், மூடியைத் திறக்க வேண்டாம் என்று இரண்டே சொல்லிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வந்தபோது பயம் இருந்தது. அதைவிட, சரியான நேரத்தில் வாயைத் திறந்தேன் என்ற பெருமை இருந்தது. புத்தகங்களில் வருடக்கணக்காகப் படித்ததை அன்றுதான் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு: டப்பாவில் தண்ணீர் வேண்டாம், ஈரத்துணி போதும். முந்தைய நாள் தீனி போடாதீர்கள். வெளிநாட்டு இனத்துக்கான பதிவுச் சான்றின் நகலைக் கையில் வையுங்கள். நம் மலைத் தவளைகளைப் பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள். தவறு, சட்டமும் விடாது. முக்கியமாக, திரும்பும் நேரத்தை முன்கூட்டியே முடிவு செய்யாதீர்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். தண்ணீர் மேல் முட்டைகள் படர்ந்திருந்தன. அவளை மட்டும் மதுரைக்குக் கூட்டி வந்தேன். செவ்வாய்க்கிழமைக்குள் பாதிக்கு மேல் பொரித்துவிட்டதாக அண்ணன் போனில் சொன்னார்.