அப்பா டிக் போட்ட ஊர்கள்

வழவழப்பான அந்தத் தாளை முகர்ந்தால் முதலில் வெங்காயம் மணக்கும். இன்னும் கொஞ்சம் மூக்கை அழுத்தினால் அதற்கு அடியில் டீசல். மூன்றாவதாக ஒரு வாசனையும் உண்டு. அது அச்சு மையுடையது என்று அப்போது எனக்குத் தெரியாததால் 'ஃபாரின் வாசனை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வயதில் என்னிடம் அப்படி ஏழு புத்தகங்கள் இருந்தன. புத்தகம் என்று வீட்டில் சொன்னாலும் அவை சுற்றுலாப் பயணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற, நாலாக மடித்த வண்ணத் தாள்கள்தாம். ஏழும் ஒரே தீவைப் பற்றியவை: ஸ்பெயினுக்குச் சொந்தமாக இருந்தும் ஸ்பெயினை விட்டு வெகு தூரத்தில், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு எதிரே கடலில் கிடக்கிற தெனெரீஃப்.

அப்பா சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல்காரராக இருந்தார். அந்தத் தீவில் விளைகிற வாழைக்காயை ஏற்றிக்கொண்டு வடக்கே குளிர் நாடுகளுக்குப் போய்த் திரும்புகிற கப்பல் அது. பத்து மாதம் அதில் இருப்பார், இரண்டு மாதம் பாளையங்கோட்டையில் எங்களோடு இருப்பார். ஊருக்குத் திரும்புகிற தூத்துக்குடிக்காரர்கள் யாரிடமாவது அவர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தில் அம்மாவுக்கு ஒரு சோப்பு, எனக்கு ஒரு புத்தகம் என்று இருக்கும். உள்ளே தீவின் படம் பக்கம் முழுக்க விரியும். அதில் ஊர்ப் பெயர்களுக்கு அருகே நீலப் பேனாவால் அப்பா 'டிக்' போட்டிருப்பார். முதல் புத்தகத்தில் ஒரு டிக், இரண்டாவதில் மூன்று. ஏழாவது வந்து சேர்ந்தபோது எட்டு ஊர்கள் ஆகியிருந்தன.

அந்த டிக்குகளுக்கு விளக்கம் தொலைபேசியில் வரும். எங்கள் வீட்டில் போன் கிடையாது. தெருமுனை மருந்துக்கடைக்கு அழைப்பு வரும், கடைக்கார அண்ணாச்சி படியில் இறங்கி நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி, "ஏட்டி, ஒங்கப்பா லைன்ல நிக்காரு, ஓடியா!" என்று குரல் கொடுப்பார். அம்மா நீதிமன்ற அலுவலகத்தில் நகல் பிரிவில் எழுத்தராக இருந்தாள். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, கைப்பையை இன்னும் தோளில் இருந்து எடுக்காத அந்த மாலை நேரத்தில்தான் பெரும்பாலும் அழைப்பு வரும் என்பதால், நான்தான் முதலில் ஓடுவேன். ரிசீவரை எடுத்ததும் நான் கேட்பது ஒரே கேள்வி: "இன்னைக்கு எந்த ஊருக்குப்பா போனீங்க?"

"லா ஓரோத்தாவா போனேன் மக்கா," என்பார் அப்பா, இரைச்சலுக்கு மேலே. "மரத்துல மாடம் வச்சுக் கட்டுன வீடா இருக்கு. தெருப் பூரா பூவால கோலம் போட்டு வச்சிருக்கான், மிதிக்கவே மனசு வரல."

அவர் இதைச் சொன்னது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். அந்த ஊரில் பூக்கோலம் வருடத்தில் ஒரு முறை, ஜூன் மாத வாக்கில் திருநாளுக்காகப் போடுவது என்று மூன்றாவது புத்தகத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அதை நான் படித்திருந்தேன், மனப்பாடமே செய்திருந்தேன். ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவின் அண்ணன் ராஜமணி மாமா தச்சநல்லூரில் இருந்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கே போவோம். பாளையங்கோட்டையில் பஸ் ஏறியதும் நான் தீவைச் சுற்றத் தொடங்கிவிடுவேன். பழைய கல்லூரிகள் நிறைந்த மேட்டு ஊரான லா லகுனா எங்கள் பாளையங்கோட்டை. பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நுழைகிற இரைச்சலான ஜங்ஷன், துறைமுக நகரமான சாந்தா குருஸ். எரிமலைக் குழம்பு இறங்கி வந்து துறைமுகத்தையே மூடிவிட்ட கராச்சிக்கோவை, மாமாவின் கோபத்தை முன்னிட்டுத் தச்சநல்லூருக்குக் கொடுத்திருந்தேன். கடலோரத்தில் கறுத்த மாதாவின் கோயில் இருக்கிற, நடந்தே யாத்திரை வருகிறவர்களின் ஊரான கந்தெலாரியாவுக்குத் திருச்செந்தூரை விட்டால் வேறு ஊர் இல்லை. நாங்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள். இரண்டு கோயிலும் எங்களுடையவை அல்ல என்பதால் இந்தப் பொருத்தத்தில் எனக்குச் சங்கடம் ஒன்றும் இருக்கவில்லை. மேகத்துக்கு மேலே தலையை நீட்டுகிற தெய்தே எரிமலைக்கு மட்டும் இங்கே இணை கிடைக்கவில்லை. பாலத்தில் இருந்து மேற்கே தெரிகிற மலைகள் நீலமாகப் படுத்துக் கிடந்தன. அவற்றில் ஒன்றுகூட தனியாக எழுந்து நிற்கவில்லை. அதை அப்பாவோடு நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கி வைத்தேன். அவர் பார்த்துவிட்ட ஊர்களை எல்லாம் எனக்குக் காட்ட ஒருநாள் கூட்டிப் போவார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் ஐயம் இல்லை.

எங்கள் சபைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரப் பயணம் போனவர் நல்லபடியாகத் திரும்பினால் வீட்டில் 'ஸ்தோத்திரக் கூட்டம்' வைப்பார்கள். சபையின் குருவானவர் வருவார், அவரை 'ஐயர்' என்போம். பாட்டும் ஜெபமும் முடிந்ததும் திரும்பி வந்தவர் எழுந்து தான் கண்டதைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் அப்பா வந்த மூன்றாம் நாள் மாலை எங்கள் வீட்டில் கூட்டம் நடந்தது. முன்னறையில் ஜமுக்காளம் விரித்து இருபது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பங்கரையில் அம்மா காப்பிக்குப் பால் வைத்திருந்தாள்.

அப்பா எழுந்து நின்றார். கடல் கொந்தளித்த ஒரு நாளைப் பற்றிச் சொன்னார், கர்த்தர் காத்தார் என்றார், உட்காரப் போனார். ராஜமணி மாமா விடவில்லை.

"என்ன மாப்ள, பத்து மாசமா வெறும் சோத்த மட்டுந்தான் பொங்குனீரா? அந்தத் தீவு என்னமோ சொர்க்கம் மாதிரின்னு ஒம்ம மக தெருப் பூரா சொல்லிட்டுத் திரியுதா. அதச் சொல்லும்வே, நாங்களும் கேக்கோம்."

"நம்ம ஆத்தங்கரை மாதிரிதான் மச்சான்," என்றார் அப்பா. "எங்கன பாத்தாலும் வாழை. பெரிய மலை ஒண்ணு நிக்கு. நல்ல சனங்க."

அவ்வளவுதானா என்று எனக்குத் தாங்கவில்லை. எட்டு ஊர் பார்த்தவர் வாழை என்கிறார், மலை என்கிறார். எங்கள் ஞாயிறு பள்ளியில் வாரந்தோறும் வினாடி வினா உண்டு. எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை முழம் என்று எண்ணிக்கையாகவே கேட்பார்கள், நான் இரண்டு வருடமாக முதல் பரிசுக்காரி. பெரியவர்களுக்கு விஷயத்தை எடுத்துக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். எழுந்து நின்று, "அப்பா, நான் கேள்வி கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க" என்றேன். ஐயர் சிரித்து, "கேளும்மா, கேளு" என்றார்.

"கந்தெலாரியா கோயில் முன்னால, கடலுக்கு முதுகக் காட்டிட்டு எத்தனை ராஜா சிலை நிக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். "அது இருக்கும் மக்கா, ஒரு பத்துப் பன்னெண்டு."

"ஒம்பது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். இது நன்றாகப் போகிறது என்று நினைத்தேன்.

"கராச்சிக்கோவுல பழைய துறைமுகம் எப்படி அழிஞ்சுது?"

"புயல்ல."

"இல்ல. எரிமலைக் குழம்பு வந்து மூடிட்டு! ஈக்கோத்துல ஆயிரம் வருசம்னு ஒரு மரம் இருக்குல்லா, அதக் கீறுனா பால் என்ன நிறத்துல வரும்?"

அப்பா கையில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தார், மறுபடி பிரித்தார்.

"செவப்பு," என்றேன், குரல் கொஞ்சம் இறங்க.

"வே மாப்ள!" மாமா தொடையில் தட்டிக்கொண்டார். "நீரு ஊரப் பாத்தீரா, இல்ல ஊரு போட்டோவப் பாத்தீரா? ஒம்ம மகளே கண்டுபிடிச்சிட்டாளே!"

இந்த முறை சிரிப்பு நீண்ட நேரம் நீடித்தது. ஐயர் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்ததில் இருந்து, ஏதோ நடந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அம்மா தட்டோடு வந்து, "காப்பி ஆறுது, எல்லாரும் எடுங்க" என்றாள். என்னைக் கடந்து போகும்போது, மற்றவர் காதில் விழாமல், "இத்தன பேர வச்சிக்கிட்டா கேப்ப, பிள்ள?" என்றாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை.

மறுநாள் காலை அப்பா அடுப்பங்கரையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். ஊரில் இருக்கும் இரண்டு மாதமும் சமையல் அவருடையது. பலகையில் கத்தி படுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நான் போய் வாசற்படியில் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"கப்பல் துறைமுகத்துல நிக்கும்போதுதான் சமையக்காரனுக்கு வேலை அதிகம் மக்கா. மாவு வரும், எறச்சி வரும், காய்கறி வரும். ஒவ்வொண்ணா எடை பாத்து வாங்கி ஐஸ் ரூம்ல அடுக்கணும். மத்தவன்லாம் எறங்கி ஊரு பாக்கப் போயிருவான். எனக்கு ஒரு மணி நேரம் கெடச்சாப் பெரிசு."

தோலை ஒதுக்கிவிட்டு இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"கேட்டுக்கு உள்ளயே கப்பல்காரங்க வந்து உக்காருகதுக்குன்னு ஒரு எடம் உண்டு. போன் அங்கனதான் இருக்கு. அதுக்கு வரிசையில நிப்பேன். ஒங்ககிட்ட பேசி முடிக்கவும் நேரம் சரியாப் போயிரும். வரும்போது அங்கன கெடக்க புஸ்தகத்துல ஒண்ண எடுத்துட்டு வருவேன்."

"அப்ப டிக்?"

கத்தி ஒரு நொடி நின்றது. "நீ ஒவ்வொரு தடவையும் எங்க போனீங்கன்னு கேட்டியே," என்றார்.

அவருக்குக் கிடைத்த ஒரு மணி நேரத்தில் அவர் பார்க்கக்கூடியதாக இருந்த ஊரை, ஒரு தெருவையாவது, நாங்கள் மருந்துக்கடைப் படியில் நின்று பேசித் தீர்த்திருக்கிறோம் என்பது எனக்கு அன்றைக்கே விளங்கியது என்று எழுதினால் அது உண்மையாகாது. அன்று எனக்கு ஏமாற்றமும் கோபமும்தான். ஏழு புத்தகங்களையும் பழைய பாடப் புத்தகங்களோடு சேர்த்து அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். மற்றது விளங்க ஏறக்குறைய இருபது வருடம் ஆனது.

அப்பா அதற்குப் பிறகும் பல வருடம் கப்பலில் இருந்தார். பொட்டலங்கள் வந்தன, சோப்பும் வந்தது, புத்தகம் வரவில்லை. போனில் "நல்லாப் படிக்கியா? அம்மாட்ட குடு" என்பதோடு என் பங்கு முடிந்தது. எந்த ஊர் என்று நானும் கேட்கவில்லை. கடலைப் பற்றி அவர் வாய் திறப்பதே நின்றுபோனது. ஓய்வு பெற்று வந்தபின் மற்ற கப்பல்காரர்கள் கூடி உட்கார்ந்து துறைமுகத் துறைமுகமாகக் கதை அளப்பார்கள். அப்பா அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துவிடுவார்.

போன பிப்ரவரியில் நான் தெனெரீஃப் போனேன். செய்தித்தாள் வேலையில் சேர்ந்த நாள் முதல் எண்ணிக்கையும் பெயரும் சரிபார்ப்பதே என் பிழைப்பு. ஆறு நாளில் எட்டு ஊரையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். ராஜாக்கள் ஒன்பது பேரே. லா ஓரோத்தாவாவில் மாடங்கள் இருந்தன, பிப்ரவரி ஆகையால் பூக்கோலம் இல்லை. கராச்சிக்கோவில் கறுத்து இறுகிய குழம்புக் குழிகளில் கடல்நீர் நிறைந்து கிடந்தது. தெய்தே ஐந்து நாள் மேகத்துக்குள் இருந்தது. தினமும் அப்பாவை அழைத்தேன். எல்லாவற்றுக்கும் "சரி, சரி, சாப்பிட்டியா?" என்றார்.

கடைசி நாள் சாந்தா குருஸ் துறைமுகத்துக்கு நடந்தேன். உயரமான கம்பி வேலி, அதற்கு உள்ளே பாதை, பாதைக்கு அப்பால் சரக்குப் பெட்டிகள். அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே போக முடியாது என்று காவலாளி பணிவாகச் சொன்னார். எட்டு ஊரிலும் யாரும் என்னைத் தடுக்கவில்லை. அப்பா நின்ற இடத்துக்கு மட்டும் வழியில்லை. அங்கே காலை பதினொன்று, பாளையங்கோட்டையில் மாலை நாலரை. வேலியோரம் நின்று அழைத்தேன்.

"எங்கன நிக்க?" என்றார்.

"துறைமுகத்து வேலிக்கு வெளியப்பா. உள்ள விட மாட்டேங்காங்க."

"விட மாட்டான்," என்றார். "கேட்டுக்கு உள்ள வலது பக்கம் பாரு. மஞ்சச் சுவரு, பச்சைக் கதவு. இருக்கா?"

பார்த்தேன். கார்கள் வரிசையாக நின்றன. இன்னும் தள்ளிப் போய்ப் பார்த்தேன், அங்கேயும் மஞ்சள் சுவர் எதுவும் இல்லை.

"இருக்குப்பா," என்றேன்.

மறுமுனையில் அப்பா சிரித்தார். வருடக்கணக்காக நான் கேட்காத சிரிப்பு.

"பொய் சொல்லாத பிள்ள. நான் கடைசியா வரும்போதே அத இடிச்சிட்டான்."

அந்தக் கட்டடத்தோடு அங்கே இருந்த நாலு நாற்காலிகளும், கம்பித் தாங்கியில் அடுக்கி வைத்த புத்தகங்களும் போயின. அப்பாவின் கப்பலையும் உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்களாம். மருந்துக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. அப்பா பேசத் தொடங்கினார். அந்த அறையில் தேநீர் போட்டுக் கொடுத்த வயதான அம்மாளைப் பற்றி, போன் வரிசையில் எப்போதும் தனக்கு முன்னால் நின்று அழுத பிலிப்பைன்ஸ்காரரைப் பற்றி, திரும்பிக் கப்பல் ஏறும்போது கைப்பிடிக் கம்பி வெயிலில் சுட்டது பற்றி, சொல்லிக்கொண்டே போனார். வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டேன். எந்த வருடம், எத்தனை பேர் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.