நீலத் துணியும் நாலாம் வகுப்பு இங்கிலீஷும்

"துவைக்கிற கல்லுகிட்டயா இங்கிலீஷ் பேசப் போற?" என்று சித்தப்பா கேட்டார்.

நான் இஸ்திரி மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். அப்போது நாலாம் வகுப்பு. சித்தப்பா பக்கத்து மேசையில் ஒரு வேட்டிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டார். கேலிதான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. நான் படித்து என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாத விஷயமாக இருந்தது.

மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் மிளகு மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் எங்கள் வீடு. போர்ட் கொச்சியில் வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் ஹோம்ஸ்டேக்களின் விரிப்பும் துவாலையும் எங்கள் சலவைக்கூடத்துக்கு வரும். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம். ஆங்கிலம் புத்தகத்தில் மட்டும் இருந்தது. டீச்சர்கூட அதை மலையாளத்தில்தான் நடத்தினார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் ஓயாமல் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே இது பேனாவா என்பாள் அவள். ஆம், இது பேனா என்பான் அவன். கண்ணால் கண்டதையும் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளும் இத்தனை நிதானமான மனிதர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று யோசித்து வியந்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அவர்கள் முற்றுப்புள்ளி வைத்தார்கள். நான்தான் மறந்துவிடுவேன். புள்ளி வைக்காத வாக்கியம் மூடாத குழாய் என்று டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போடுவார்.

ஒரு சனிக்கிழமை காலை, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அப்பாவுக்கு நிறைய வேலை தரும் ஹோம்ஸ்டேயைப் பார்த்துக்கொள்ளும் சேட்டன் இறங்கினார். கூடவே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. உயரமானவள், நரைத்த பின்னல், வெயிலில் தோல் உரிந்த மூக்கு. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

சேட்டன் மலையாளத்தில் சொன்னது இதுதான். மேடத்தின் நீலத் துணி ஒன்று சலவையிலிருந்து திரும்பி வரவில்லை. மத்தியானம் விமான நிலையத்துக்கு வண்டி வருகிறது. தோப்பும்படியில் புதிதாக வந்திருக்கும் மெஷின் லாண்டரியோடு ஹோம்ஸ்டே முதலாளி ஏற்கெனவே பேசிவிட்டார். இந்தத் துணி கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் ஹோம்ஸ்டே துணி மொத்தமும் அங்கே போகும். அது போனால் எங்களுக்குப் பாதி வாரம் வேலை இல்லை.

அம்மாவும் சித்தப்பாவும் கண்ணில் பட்ட நீலத்தையெல்லாம் கொண்டுவந்து போட்டார்கள். சட்டை, சால்வை, பாவாடை, யாருடையதோ பள்ளிச் சீருடை. அந்தப் பெண்மணி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையை ஆட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அவள் முடிப்பதற்குள் சேட்டன், "யெஸ் மேடம், நோ ப்ராப்ளம் மேடம்" என்று சொல்லிவிட்டு அப்பாவை முறைப்பார்.

"ப்ராப்ளம் இல்லேங்கறாரு, நம்மளயில்ல மொறைக்கறாரு" என்றார் அப்பா தாழ்ந்த குரலில்.

சித்தப்பாவுக்கு அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை. என்னைக் காட்டி, "இங்கயும் ஒரு மேடம் இருக்கே, அதக் கேக்கச் சொல்லுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"போ புள்ள. தெரிஞ்சதக் கேளு."

எனக்குத் தெரிந்தது அந்தப் புத்தகம்தான். துணிமணிப் படங்கள் இருந்த பக்கத்தைப் பிரித்து, முதல் படத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"இஸ் இட் எ ஷர்ட்?"

அவள் குனிந்து என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நோ. இட் இஸ் நாட் எ ஷர்ட்."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல், அச்சில் இருந்தபடியே பதில் வந்திருந்தது. முற்றுப்புள்ளி இருந்த இடத்தில் அவள் நிறுத்தியது எனக்குக் கேட்டது. அந்த நிதானமான ஊரின் ஆள் ஒருத்தி எங்கள் கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். நான் கேட்டால் பதில் சொல்கிறாள்.

ஸ்கர்ட்டா என்றேன். ஸ்கர்ட் இல்லை. ஃபிராக், தொப்பி, காலுறை எதுவும் இல்லை. பக்கத்தின் கடைசிப் படம் குடை. விட மனமில்லாமல் அதையும் கேட்டேன். சித்தப்பா தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அது குடை இல்லை என்று முழு வாக்கியமாகச் சொன்னாள்.

பக்கம் தீர்ந்துவிட்டது. அடுத்த பக்கத்தில் ஒரு பூனை பெட்டிக்குள்ளும், நாற்காலி மேலும், மேசைக்கு அடியிலும் உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் பெரிய எழுத்தில் இருந்த கேள்வியைப் படித்தேன்.

"வேர் இஸ் இட்?"

சேட்டன் நெற்றியில் அடித்துக்கொண்டார். எங்கே என்று தெரியாமல்தானே எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். ஆனால் அவள் முகம் மலர்ந்தது. நெற்றியில் இரண்டு விரலை வைத்துக் கொஞ்சம் யோசித்தாள். மகாராணிகள் அப்படித்தான் யோசிப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

"அட் நைட், இட் இஸ் ஆன் தி பெட்." நிறுத்தினாள். மறுபடியும் யோசித்தாள். "இட் இஸ் அண்டர் மை ஹெட்."

அண்டர் என்றால் மேசைக்கு அடியில் இருக்கும் பூனை. ஹெட் முதல் பாடத்திலேயே வந்தது.

"அம்மா, தலகாணி ஒற" என்றேன்.

"தலகாணி ஒறயவா ஊர்லேர்ந்து தூக்கிட்டு வருவாக?" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே நடந்துவிட்டாள். எங்களிடம் வரும் ஒரு கிளினிக்கின் தலையணை உறைகள் எல்லாம் நீலம். தேய்த்து மடித்துக் கட்டிய மூட்டை போவதற்குத் தயாராகச் சுவரோரம் இருந்தது. அம்மா முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்தாள். வெளிறிய நீலங்களுக்கு நடுவே அடர்ந்த நீலம் ஒன்று, ஓரத்தில் வெள்ளை நூலில் பூ வேலை.

அந்தப் பெண்மணி அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. அதில் அவள் பேசியது வேறு மாதிரி இருந்தது. புள்ளியே இல்லாமல், சிரிப்பும் பேச்சுமாகக் கொட்டியது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் போனால் வருகிற இங்கிலீஷ் அதுவாகத்தான் இருக்கும் என்று வாய் பிளந்து நின்றேன்.

திங்கட்கிழமை ஹோம்ஸ்டே வண்டி எங்களிடமே வந்தது.

பத்தாம் வகுப்பும் வந்தது. அந்த இங்கிலீஷ் வரவில்லை. நர்சிங் படித்தபோது, வார்டில் படுக்கை மாற்றக் கற்றுத்தந்த முதல் நாள், சிஸ்டர் என் கையில் ஒரு தலையணை உறையைக் கொடுத்து அதன் ஆங்கிலப் பெயரைச் சொன்னார். மிகச் சாதாரணமான ஒரு சொல். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சொல் தெரிந்திருந்தால், அன்று அந்த வெள்ளைக்காரப் பெண்மணி அதைச் சேட்டனிடம் முதலிலேயே சொல்லியிருப்பாள்.

அவளுக்கும் தெரியவில்லை. போனில் அவள் பேசியது அவளுடைய சொந்த மொழி. அது எந்த நாட்டு மொழி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மகாராணி என்று நான் நினைத்தவள், எங்கோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் போலவே கோடிட்ட இடங்களை நிரப்பியவள். அன்று அவள் யோசித்ததெல்லாம் சொல் தேடியதுதான். இது தெரிந்தபின் அவள்மேல் எனக்கிருந்த வியப்பு இரண்டு மடங்காயிற்று. அந்நிய ஊரில், அத்தனை பேர் பார்க்க, அந்தக் கொஞ்சம் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு வெட்கப்படாமல் நின்றிருக்கிறாள்.

இப்போது எர்ணாகுளத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகலாம் என்று போன மாதம் ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் நாள் ஒவ்வொருவரும் எழுந்து தங்களைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும் என்றார்கள். பெயரைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். மூன்றாவது வரவில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. அது வரும்வரை உட்காராமல் நின்றேன்.